தலைவரா, நடுவரா?

ஒரே நாளில், ஒரே தமிழ்ப் பத்திரிகையில், 'புதிய பேராயர் நியமனம்' என்று ஒரு செய்தியும் 'பேராயர் ஓய்வு' என்று இன்னொரு செய்தியும் வரக்கூடும். முதலாமவர் கத்தோலிக்கராக இருந்தால் அவர் ஆர்ச்பிஷப். இரண்டாமவர் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவராக இருந்தால் அவர் பிஷப் மட்டுமே. கத்தோலிக்கர்கள் 'ஆயர்' என்றால் அது பிஷப்பைக் குறிக்கும். சி.எஸ்.ஐ.காரர்கள் 'ஆயர்' என்றால், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்து, வாரநாளில் வீட்டுக்கு வந்து ஜெபித்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகிற உள்ளூர்ப் பாஸ்டரைக் குறிக்கும். என்னைப் போலத் தமிழில் எம்.ஏ. படித்துத் தொலைத்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஆயர் என்றதும் முல்லை நிலமும், மதுரைக்கு வெளியே கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியும், அவளுடைய மாடுகளும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

இதெல்லாம் அகராதிக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிப் பிழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலிகள் தினமும் உண்டு. ஆனால் ஒரு பதவிக்கு நாம் வைக்கிற பெயர், நாளடைவில் அந்தப் பதவியையே மாற்றிவிடுமோ என்ற சந்தேகம் எனக்கு 2024 கோடையில் வந்தது. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

நான் இருப்பது தில்லியில், லோதி ரோட்டை ஒட்டிய குடியிருப்பில். இந்தச் சாலையின் மேற்குக் கோடியில் சஃப்தர்ஜங் கல்லறை. கிழக்குக் கோடியில் ஹுமாயூன் கல்லறை. நடுவே பூங்காவுக்குள் லோதி சுல்தான்கள் காலத்துக் கல்லறைகள். இத்தனை கல்லறைகளுக்கு இடையிலும் தமிழ் இங்கே நன்றாகவே உயிர் வாழ்கிறது. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. சற்றுத் தள்ளி, 1940களில் ஆங்கிலேயர் அரசு ஊழியர்களுக்காகக் கடைசியாகக் கட்டிய குடியிருப்பான லோதி காலனி. அதன் வளைவு வாசல்களுக்குள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குமாஸ்தாக்கள் குடியிருந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு மெய்ஞ்ஞானபுரம் பக்கத்தில் ஊர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். அன்றைக்கு அவர் கையில் இரண்டு ஆங்கிலப் பத்திரிகை நறுக்குகளும், திருச்சபையின் சட்டவிதிப் புத்தகம் ஒன்றும் இருந்தன.

"தம்பி, ஒரு ஒத்தாசை செய்யணும். இதை ரெண்டு பக்கத்துக்குச் சுருக்கித் தமிழ்ல எழுதித் தாங்க. எங்க ஜெபக்கூட்டத்துல வயசானவங்க நெறைய பேர். ஊர்ல என்னதான் நடக்குன்னு கேக்காங்க. எனக்கு விளக்கத் தெரியல."

செய்தி இதுதான்: தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தைக் கவனிக்க, ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாகச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏப்ரலில் நியமித்திருந்தது. தலைமைப் பதவிக்கான தேர்தலும், பேராயர்களின் ஓய்வு வயதை 67லிருந்து 70 ஆக்கும் சட்டத்திருத்தமும் வழக்கில் சிக்கியிருந்தன.

"மாடரேட்டருக்கு என்ன போடட்டும், அண்ணாச்சி?"

"அதான் 'பிரதமப் பேராயர்'னு எல்லாரும் போடுதாங்களே."

"நடுவர்னு போட்டா?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நடுவர்னா பட்டிமன்றம்லா, தம்பி!"

சிரிப்பு அடங்கியபின் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏனென்றால் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் உண்மையிலேயே அதுதான். கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, பேசுகிறவர்களுக்கு முறை பிரித்துக் கொடுத்து, விவாதத்தை வரம்பு மீறாமல் நடத்துகிறவர் மாடரேட்டர். அந்தச் சொல் இந்தத் திருச்சபைக்குள் எப்படி வந்தது என்று தேடப்போய், எனக்கு இருநூறு வருடத்துக் கதை ஒன்று கிடைத்தது.

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கென்று ஆங்கிலிக்கன் திருச்சபை முதல் பிஷப்பை நியமித்தது 1814ல். பெயர் மிடில்டன். அவருடைய எல்லை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ்கூட 1836 வரை கல்கத்தா பிஷப்பின் அதிகாரத்துக்குள்தான் இருந்தது. இரண்டாவது பிஷப் ரெஜினால்ட் ஹீபர், தெற்கே சுற்றுப்பயணம் வந்த இடத்தில், 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் குளிக்கப்போனபோது இறந்துபோனார். திருச்சிக்காரர்களுக்கு அவர் பெயர் ஒரு கல்லூரியின் பெயராகப் பழக்கம்.

அதன்பின் 1835ல் மதராசுக்குத் தனி பிஷப் வந்தார். கல்கத்தா பிஷப் 'மெட்ரோபாலிடன்' ஆனார். அதாவது மற்ற பிஷப்களுக்கெல்லாம் மேலே ஒரு தலைமை பிஷப். கலெக்டருக்கு மேலே கவர்னர், கவர்னருக்கு மேலே கவர்னர் ஜெனரல் என்ற ஏணியைப் பார்த்துப் பழகிய நாட்டில், இந்த ஏணியும் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. பிஷப்களையும் சாப்ளின்களையும் கொண்ட ஒரு சர்க்கார் சமய இலாகாவே இயங்கி வந்தது. அவர்களுக்குச் சம்பளம் கம்பெனிக் கஜானாவிலிருந்தும், பிறகு இந்திய அரசின் கஜானாவிலிருந்தும் போயிற்று.

தமிழர்கள் இந்த வெள்ளைக்காரக் குருமாருக்குத் தங்கள் பாணியில் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜி.யு. போப், போப்பையர் ஆனார். திருநெல்வேலியில் மிஷனரி என்றாலே ஐயர்தான். பிஷப்புக்கு 'அத்தியட்சர்' என்று ஒரு வடசொல். இடையன்குடியில் இருந்துகொண்டு, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், 1877ல் அத்தியட்சர் ஆனார். அப்போதும் அவர் மதராஸ் பிஷப்புக்கு உதவி பிஷப்தான். அதே நாளில் சார்ஜென்ட் என்பவரும் உதவி பிஷப் ஆனார். இருவருமே திருநெல்வேலியில் பணியாற்றியவர்கள். ஒருவர் எஸ்.பி.ஜி. சங்கத்துக்காரர், மற்றவர் சி.எம்.எஸ். சங்கத்துக்காரர். ஒரே சபையின் இரண்டு சங்கங்கள், ஒரே ஜில்லாவில், ஆளுக்கொரு பிஷப்! தலைமை என்பது அப்போதே சிக்கலான சங்கதியாகத்தான் இருந்திருக்கிறது. திருநெல்வேலிக்கென்று தனித் திருமண்டலம் அமைந்தது 1896ல்தான்.

இந்த ஏணியில் இந்தியர்கள் எங்கே இருந்தார்கள்? கீழ்ப்படிகளில். ஷ்வார்ட்ஸிடம் படித்து, யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த கிறிஸ்டியன் தாவீது என்ற தமிழருக்கு 1824லேயே ஹீபர் குருப்பட்டம் கொடுத்திருந்தார். குருவாக ஏறிய அந்தப் படியிலிருந்து பிஷப் படிக்கு ஓர் இந்தியர் ஏற, இன்னும் 88 ஆண்டுகள் ஆயின.

அப்படி ஏறியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர். கிராமத்துக் குருவின் மகன். மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1903ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே வேறு பகுதிகளுக்கு ஊழியர்களை அனுப்ப இந்திய மிஷனரிச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியபோது, முன்னால் நின்றவர்களில் ஒருவர். பின்பு தானே கிளம்பி, நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்றுக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்களிடையே பணியாற்றினார்.

1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அங்கே பேச எழுந்த அசரியாவுக்கு வயது 35. மிஷனரிகள் இந்தியர்களுக்குப் பணத்தையும் உழைப்பையும், ஏன் உயிரையும்கூடக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சமமான நண்பர்களாக மட்டும் நடத்துவதில்லை என்ற பொருளில் அவர் நேருக்கு நேர் சொன்னது சபையைச் சங்கடத்தில் நெளிய வைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப். அவருக்காக வாதாடியவர் மதராஸ் பிஷப் ஒயிட்ஹெட். வெள்ளைக்காரர்கள் ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்வார்களா என்ற கேள்வி எழுந்தது. எதிர்த்தவர்களில் இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அசரியாவைப் புனிதராக்கிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மதமாற்றம் பற்றி காந்திக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. இருவர் பக்கத்து நியாயத்தையும் இன்றைக்கும் விவாதிக்கலாம். அதே மனிதர்தான், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் உறுதியாக நின்றார். தோர்ணக்கல்லில் அவர் எழுப்பி, 1939ல் அர்ப்பணித்த பேராலயத்தில் கோயில் கட்டடக் கலையும் மசூதிக் கட்டடக் கலையும் சேர்ந்தே இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தலைமையைப் பற்றிய ஒரு கேள்வியை விடாமல் கேட்டவர் அவர்: பிஷப் என்பவர் எதற்காக?

அந்தக் கேள்வி 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூர்மை பெற்றது. 1706ல் சீகன்பால்க் வந்து இறங்கிய அதே ஊர். அங்கே கூடிய 33 பேரில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். கூட்டியவர்களில் அசரியா முக்கியமானவர். ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் என்ற பிரிவுகள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த சண்டைகளின் மிச்சங்கள். தெக்கூரில் ஒரு தெருவிலும் வடக்கூரில் இன்னொரு தெருவிலும் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவன் அவற்றை ஏன் சுமக்க வேண்டும்? இதுதான் அவர்கள் கேட்டது. காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் பிரிவுகள் ஏற்கெனவே 1908ல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தன. அதோடு ஆங்கிலிக்கன்களும் சேர்வது என்று பேச்சு தொடங்கியது. பின்னால் மெதடிஸ்ட்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

பேச்சு எத்தனை நாள் நடந்தது தெரியுமா? 28 ஆண்டுகள். வேதத்தில் தகராறு இல்லை, ஞானஸ்நானத்தில் தகராறு இல்லை. தகராறு முழுவதும் பிஷப்பில். அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமேல் கைவைத்துத் தொடர்ந்து வரும் பிஷப்கள் இல்லாமல் திருச்சபையே இல்லை என்பது ஆங்கிலிக்கன்களில் பலரின் நம்பிக்கை. பிஷப் என்ற பெயரைக் கேட்டாலே அரசனும் அதிகாரமும் ஞாபகம் வரும் பரம்பரை மற்றவர்களுடையது. அவர்களுடைய முன்னோர்களில் பலர் பிஷப்களின் ஆட்சியைப் பொறுக்காமல்தான் பிரிந்துபோனவர்கள்.

கண்ட தீர்வு சாமர்த்தியமானது. பிஷப் இருப்பார், ஆனால் சட்டவிதிக்குக் கட்டுப்பட்டவராக இருப்பார். திருமண்டலப் பேரவை பெயர்ப் பட்டியல் தர, சினாட் என்ற பொதுப் பேரவையின் குழு அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஏற்கெனவே மற்ற சபைகளில் குருவாக இருந்தவர்களுக்கு மறுபடியும் அபிஷேகம் கிடையாது; அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள். இனி வரும் குருமாருக்குப் பிஷப் கைவைப்பார். முப்பது ஆண்டுகளில் இரண்டு வகையும் தானாக ஒன்றாகிவிடும் என்பது கணக்கு. மனசாட்சிக்கு ஒவ்வாத ஒரு குருவை எந்தச் சபையின் மீதும் திணிப்பதில்லை என்று ஒரு வாக்குறுதியும் உண்டு.

கவிஞர் டி.எஸ். எலியட் பெயரைக் கல்லூரியில் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். லண்டனில் உட்கார்ந்துகொண்டு, நம் ஊர் சபைகளின் இந்தத் திட்டத்தை எதிர்த்து 1943ல் ஒரு துண்டுநூலே எழுதினார் அவர். இணைப்பு என்ற பெயரில் நடப்பது அழிவு என்பது அவர் கட்சி. மெய்ஞ்ஞானபுரத்திலும் மதுரையிலும் யார் யாருக்குக் கைவைப்பது என்பது லண்டன் கவிஞரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது!

அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். தென்பகுதித் திருமண்டலங்கள் இணைப்பில் சேரலாம் என்று இந்தியா, பர்மா, இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபை அதே ஆண்டின் தொடக்கத்தில் வழிவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1930ல்தான் இந்தத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையிடமிருந்து சட்டப்படி விடுபட்டுத் தன்னாட்சி பெற்றிருந்தது. அந்த விடுதலை இல்லாமல் இந்த இணைப்பு நடந்திருக்காது.

1947 செப்டம்பர் 27. மதராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயம். நான்கு ஆங்கிலிக்கன் திருமண்டலங்களும், தென்னிந்திய ஐக்கிய சபையும், தென்னிந்திய மெதடிஸ்ட் சபையும் ஒன்றாயின. தலைமை தாங்கியவர் திருவிதாங்கூர், கொச்சி பிஷப் சி.கே. ஜேக்கப். சுதந்திரம் வந்து ஆறே வாரங்கள் ஆகியிருந்தன. அதே செப்டம்பரில் எங்கள் லோதி ரோட்டின் கிழக்குக் கோடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? கலவரத்துக்குத் தப்பிய முஸ்லிம் குடும்பங்கள் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் பழைய கோட்டையிலும் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்தன. தேசம் இரண்டாகப் பிளந்து ரத்தம் சிந்திக்கொண்டிருந்த மாதத்தில், நாட்டின் தென்கோடியில் சிலர் பல்லாண்டுப் பிரிவுகளைத் தாமாக முன்வந்து களைந்தார்கள். அன்றைய பத்திரிகைகளுக்கு இது சிறிய செய்திதான். இன்று யோசிக்கும்போது சிறியதாகத் தெரியவில்லை.

புதிய திருச்சபையில் மதுரை-ராமநாதபுரத்துக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். பிஷப்களே இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மரபிலிருந்து வந்த 37 வயதுக்காரர்! யாழ்ப்பாணமும் இதில் ஒரு திருமண்டலம். அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர். மொழிபெயர்ப்பாளர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர்.

இனி அண்ணாச்சியின் சொல்லுக்கு வருவோம். புதிய திருச்சபையின் தலைவரை என்னவென்று அழைப்பது? ஆங்கிலிக்கன் மரபுப்படி என்றால் மெட்ரோபாலிடன் அல்லது ஆர்ச்பிஷப். அதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பிரஸ்பிட்டேரியன் மரபிலிருந்து மாடரேட்டர் என்ற சொல்லை எடுத்தார்கள். பேராயர்களில் ஒருவரைச் சினாட் தேர்ந்தெடுக்கும். அவர் தம் திருமண்டலத்தையும் பார்த்துக்கொண்டு, குறிப்பிட்ட காலம் சினாட்டுக்குத் தலைமை தாங்குவார். காலம் முடிந்ததும் இன்னொருவர் வருவார். நிரந்தரத் தலைமைப் பீடமாக ஓர் ஊர் கிடையாது. ஏணியின் உச்சிப்படியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார்கள்.

முதலில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் மைக்கேல் ஹாலிஸ், மதராசின் ஆங்கிலிக்கன் பிஷப்பாக இருந்தவர். 1954ல் பேராயர் பதவியையே விட்டுவிட்டு, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஹோஸ்பேட் சுமித்ரா. முதல் இந்திய மாடரேட்டர். ஐக்கிய சபைப் பின்னணியிலிருந்து வந்தவர். ஆங்கிலிக்கன் ஏணி நீடித்திருந்தால் அவர் அந்த உச்சிக்கு வந்திருப்பாரா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இங்கிலாந்தில் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் முழு உறவு கொடுக்காமல் தள்ளியே வைத்திருந்தார்கள். ஆந்திரத்தின் நந்தியாலில் ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் இணைப்பில் சேர மறுத்து, கல்கத்தா மெட்ரோபாலிடனின் கீழேயே இருந்துவிட்டார்கள். வடக்கே 1970 நவம்பர் 29 அன்று, நாகபுரியில் ஆறு சபைகள் சேர்ந்து வட இந்தியத் திருச்சபை உருவானது. கடைசி மெட்ரோபாலிடனாக இருந்தவர் இலங்கையரான லக்தாச டி மெல். அவரோடு கல்கத்தாவின் அந்தப் பீடம் முடிவுக்கு வந்தது. வடக்கிலும் தலைவரை மாடரேட்டர் என்றே அழைக்கிறார்கள். வைஸ்ராய் மாளிகைக்குப் பக்கத்தில் வைஸ்ராய்களுக்காக எழும்பிய தில்லி மீட்பின் பேராலயம் இன்று அந்தத் திருச்சபையைச் சேர்ந்தது.

இவ்வளவு கவனமாகச் செய்த ஏற்பாடு, நீதிபதிகள் வந்து நிர்வாகம் செய்யும் நிலைக்கு எப்படி வந்தது? நான் வெளியாள். ஆனாலும் புத்தகத்தையும் நறுக்குகளையும் வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெளிவாயின.

முதலாவது, சொத்து. மிஷன்கள் விட்டுப்போன நிலம், பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் 1947லேயே கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான ஒரு டிரஸ்ட் சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. அந்த நாளில் ஊருக்கு வெளியே சும்மா கிடைத்த பொட்டல்கள் இன்று நகரங்களின் நடுவே இருக்கின்றன. பொட்டலாக இருந்தவரை நாற்காலிக்குப் போட்டி குறைவு.

இரண்டாவது, அந்த நாற்காலி மெல்ல மெல்ல உயர்ந்துவிட்டது. பேராயர் பதவி காலியான திருமண்டலத்துக்கு மாடரேட்டரின் ஆணையாளர் ஒருவர் போய்த் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வது வழக்கம். தற்காலிகம் நீளும்போது அதுவே ஆட்சி ஆகிவிடுகிறது. திருமண்டலத் தேர்தல்களில் கட்சி, சாதி, போஸ்டர் எல்லாம் வந்தாயிற்று. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இவற்றோடு தமிழும் தன் பங்கைச் செய்திருக்கிறது. நடுவர் என்று வந்திருக்க வேண்டியதைப் பிரதமப் பேராயர் ஆக்கிவிட்டோம். பிரதமர் என்ற சொல் காதில் விழுந்தவுடன் கார், கட்அவுட், பட்டாசு எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. எந்த உச்சிப்படியை 1947ல் கழற்றினார்களோ, அதை ஒரு மொழிபெயர்ப்பு திரும்ப மாட்டிவிட்டது. சொல்லை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது தெரியும். ஆனால் சொல் குற்றமற்றது என்று விட்டுவிடவும் எனக்கு மனமில்லை.

வெளியாளுக்கு இதில் என்ன அக்கறை என்று யாராவது கேட்கலாம். என் குடும்பத்தில் யாரும் கிறிஸ்தவரில்லை. ஆனால் என் அம்மா 'அ' எழுதக் கற்றது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில். என் பாட்டியின் வீட்டில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் எழுதியதில்லை. தெற்கே இப்படி எத்தனையோ குடும்பங்கள். அந்தப் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் யார் பொறுப்பு, அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவற்றால் பிழைத்த எல்லாருடைய கவலையும்தான்.

எல்லாமே சீரழிந்துவிட்டது என்று எழுதித் தரவும் நான் தயாரில்லை. 1947 ஏற்பாட்டை ஒரு காலத்தில் ஏற்க மறுத்த அதே நந்தியால், பின்னர் இணைந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு திருமண்டலம். அங்கே 2013ல் பேராயராக வந்தவர் எக்கோணி புஷ்பலலிதா, இந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். யார் யாருக்குக் கைவைக்கலாம் என்று ஒரு காலத்தில் வழக்காடிய ஊரில், கைவைக்கும் அதிகாரம் ஒரு பெண்ணிடம் வந்தது. இதை அண்ணாச்சியின் இரண்டு பக்கத்தில் அவர் கேட்காமலேயே சேர்த்தேன்.

மாடரேட்டருக்கு என்ன போட்டேன்? 'சினாட்டின் நடுவர் (பிரதமப் பேராயர் என்று அழைக்கப்படுபவர்)' என்று போட்டேன். அண்ணாச்சி படித்துப் பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை. "கொஞ்சம் மட்டம் தட்டுன மாதிரி இருக்கு, தம்பி" என்றார். புத்தகத்தைத் திறந்து, பேராயர்களிலிருந்து சினாட் தேர்ந்தெடுப்பதையும் பதவிக்காலத்தையும் சொல்லும் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். "சரி. இருக்கட்டும்" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மாலை கூட்டம் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். வாசித்துக் காட்டினாராம். நாசரேத்துக்காரப் பாட்டி ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டிருக்கிறார்.

"அந்த நடுவரை யாரு வைக்கா?"

"சினாட்டு, பாட்டி."

"சினாட்டுக்கு ஆளு அனுப்புறது யாரு?"

"திருமண்டலப் பேரவை."

"பேரவைக்கு?"

"சபையிலருந்து நாமதான் ஓட்டுப் போட்டு அனுப்புதோம்."

"அப்ப நம்ம வேலையை எதுக்கு ரெண்டு ஜட்ஜு வந்து செய்யணும்?"

வழக்கு அதற்குள் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. அண்ணாச்சி அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை இங்கிலீஷில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். சினாட் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பப் போகிறாராம். ஒரே வரிதான். இதுவரை நான் செய்த மொழிபெயர்ப்புகளில், சொல் தேடத் தேவையில்லாமல் முடிந்த ஒன்று அது.